அட்டை கடித்த ஆறு நாட்கள்

என் இடது கைக் கட்டைவிரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் துண்டாகிப் போனது. தாராவியில் மிட்டாய்க் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில், கட்டிங் மெஷினில் பதினான்கு வருடமாக நான் நின்றுகொண்டிருந்தேன். இடது கையால் அட்டையை நகர்த்திக்கொடுத்து வலது கையால் லிவரை இழுக்க வேண்டும். அன்று அட்டை லேசாகச் சிக்கியது. தள்ளிவிட்டேன். அதற்குள் லிவரும் இறங்கிவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் ஓவர்டைம். தூக்கம் போதவில்லை.

வலி உடனே வரவில்லை. மெஷின் மேல் என் விரல் கிடந்ததைப் பார்த்தேன். நகத்தில் போன வாரம் மகள் பூசிவிட்ட சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது. பக்கத்து மேஜையில் ஒட்டும் வேலை செய்யும் ஷபானாதான் கத்தினாள். கத்தினவளே துப்பட்டாவைக் கிழித்து என் கையைக் கட்டினாள். தெருமுனை டிஸ்பென்சரி டாக்டர் சொன்னபடி விரலை ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பைக்குள் போட்டு, அந்தப் பையை மீன்காரியிடம் வாங்கிய ஐஸின் மேல் வைத்தாள். விரல் நேராக ஐஸில் படக்கூடாதாம், பட்டால் கெட்டுவிடுமாம். டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் முழு வழியும் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஆபரேஷன் ராத்திரிவரை நடந்தது. எலும்பைக் கம்பி வைத்துச் சேர்த்து, நரம்பைத் தைத்து, ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்தார்களாம். விரலுக்குள் ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இரண்டு நல்லபடியாகக் கிடைத்தன. ரத்தத்தைத் திருப்பி வெளியே கொண்டுவரும் குழாய் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் நூல் மாதிரி. மறுநாள் காலையில் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனி பிங்க் நிறமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தங்கராஜ் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார். மத்தியானம் அதே நுனி நாவல்பழ நிறமாகிவிட்டது.

வார்டில் எங்களைப் பார்த்துக்கொண்ட இளம் டாக்டர் ஸ்நேகா வந்து, நுனியில் ஊசியால் குத்தினார். கறுப்பாக ஒரு சொட்டு வந்தது. டாக்டர் முகம் மாறியது. பெரிய டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்து இந்தியில் சொன்னார்.

“ஜோங்க் லகானா படேகா.”

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் இந்தி பேசுகிறேன். அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. தங்கராஜுக்கும் தெரியவில்லை. கேரளத்துக்காரியான லிஸி சிஸ்டர்தான் எங்கள் முழியைப் பார்த்துவிட்டு, தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாள்.

“அட்ட, சேச்சி. விரலில அட்ட வைக்கணும்.”

“அட்டையா?” என்றேன். “அட்ட வெட்டப் போயித்தான் வெரலே போச்சு. இன்னும் என்ன அட்ட?”

ஏதோ அட்டையை வைத்துக் கட்டி விரலை ஆடாமல் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். லிஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் விரலை என் கைமேல் நெளிய விட்டுக் காட்டினாள். தங்கராஜ் ஊரில் வயல்வேலை செய்தவர். அவருக்குப் புரிந்துவிட்டது.

“ரத்தம் குடிக்கிற அட்டயாட்டி!” என்றார். “காலுல ஏறுனா உப்புப் போட்டு உதிர்ப்போம்லா, அது.”

வேண்டாம் என்றேன். டாக்டர் ஸ்நேகா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். இதே நிலைமையில் படுத்திருக்கும் யாருக்காவது இது உதவும். எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதி பயம் இருந்திருக்காது.

நம் ரத்தத்தில் உறைய வைக்கும் சாமானும் இருக்கிறது, உறையாமல் தடுக்கும் சாமானும் இருக்கிறது. வெட்டுப்பட்டால் உறைய வேண்டும், இல்லையென்றால் ரத்தம் எல்லாம் போய்விடும். ஆனால் உறைவதற்கு ஒரு இடத்தில் பிரேக் போடாவிட்டால், ஒரு சின்னக் காயத்தில் ஆரம்பித்து கை முழுக்க உறைந்துவிடும். அந்தப் பிரேக்குகளை நம் உடம்பே செய்துகொள்கிறது. ஆன்டித்ராம்பின் என்று ஒன்று, புரோட்டீன் சி என்று ஒன்று, இன்னும் சிலது. எனக்கு டிரிப்பில் போகும் ஹெப்பாரின் என்ற மருந்து அந்த ஆன்டித்ராம்பினுக்குக் கைகொடுத்து வேகமாக வேலை செய்ய வைக்கிறது. ஆனால் என் விரலில் ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. தேங்கின ரத்தம் உறையும். உறைந்தால் புது ரத்தம் உள்ளே வராது. விரல் செத்துவிடும்.

அட்டையின் எச்சிலில் ஹிருடின் என்று ஒன்று இருக்கிறதாம். ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினை அது நேராகவே பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். குடிக்கும் ரத்தம் வயிற்றுக்குள் கட்டியாகாமல் இருக்க அட்டை தனக்காக வைத்திருப்பது அது. அதைப் பார்த்துத்தான் இதய நோயாளிகளுக்கு மருந்துகூடச் செய்திருக்கிறார்களாம்.

“அப்ப அந்த மருந்தையே ஊசியா போடலாம்லா? பூச்சி எதுக்கு?” என்று கேட்டேன்.

நல்ல கேள்வி என்றார் டாக்டர். ஊசி போட்டால் உடம்பு முழுக்க ரத்தம் நீர்த்துவிடும். எனக்கு அந்த ஒரு விரலில் மட்டும் வேண்டும். அதோடு, தேங்கின ரத்தத்தை யாராவது வெளியே எடுக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய அட்டையை விட்டால் வேறு நல்ல வழி அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாறு நாள் தாக்குப்பிடித்தால் விரலே புதுசாக மெல்லிய குழாய்களை வளர்த்துக்கொள்ளும்.

அட்டை ஆஸ்பத்திரியில் கிடையாது. பாண்டுப்பில் ஒரு வைத்தியர் வளர்க்கிறார் என்று நம்பர் கொடுத்தார்கள். தங்கராஜ் லோக்கல் ரயிலில் போய், ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் இருபது அட்டைகளோடு வந்தார். ஜாடி வாயில் துணி கட்டியிருந்தது. ரயிலில் பக்கத்தில் நின்றவன் மீனா என்று கேட்டானாம். ஆமாம் என்று சொல்லிவிட்டாராம். குழாய்த் தண்ணீரில் போடும் மருந்து அட்டைக்கு ஆகாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அவற்றுக்குக் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றினார். அவர் அந்த ஆறு நாளும் வார்டுக் குழாயில்தான் பிடித்துக் குடித்தார்.

முதல் அட்டையை வைக்கும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். விரலைச் சுற்றி ஈரத்துணி வைத்து, நடுவில் ஒரு ஓட்டை விட்டு, அதன்மேல் லிஸி அட்டையை விட்டாள். துணி எதற்கென்றால், அது வேறெங்கும் ஊர்ந்து போய்விடக் கூடாது. கடித்தது எனக்குத் தெரியவே இல்லை. விரல்தான் மரத்திருந்ததே. அரைமணி, முக்கால் மணி நேரத்தில் பருத்து, தானாகவே விழுந்தது. பிய்த்து எடுக்கக் கூடாதாம். விழுந்த பிறகு கடிவாயிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. பஞ்சு நனைய நனைய மாற்றினார்கள். அட்டை குடிப்பது கொஞ்சம்தான், அது விட்டுப்போகும் எச்சில்தான் உண்மையான வைத்தியம் என்றார் டாக்டர். சாயங்காலம் நாவல்பழ நிறம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கசிவு நின்றதும் திரும்ப நிறம் ஏறியது. அடுத்த அட்டை.

அப்படியே போயிற்று. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. குடித்து முடித்த அட்டையை இன்னொருவருக்கு வைக்க முடியாது, தொற்று வரும். எனக்கே திரும்ப வைப்பதுமில்லை. ஸ்பிரிட் புட்டியில் போட்டுக் கொன்றுவிடுவார்கள். எனக்காக வேலை செய்ததைக் கொல்கிறார்களே என்று முதல் நாள் மனசு கஷ்டப்பட்டது. இரண்டாம் நாளுக்குப் பிறகு அதை நினைக்கக்கூட எனக்குச் சக்தி இல்லை. அட்டையின் வயிற்றிலிருக்கும் கிருமிக்காகத் தனியாக மாத்திரை. தூக்கம் என்று ஒன்று இல்லை. கண் மூடினால் யாராவது வந்து விரல் நுனியை அழுத்திப் பார்ப்பார்கள். கையை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்ததால் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல வலித்தது.

மூன்றாம் நாள் காலையில் அட்டை கடிக்கவில்லை.

லிஸி விட்டாள். அது தலையைத் தூக்கி, சுருண்டு, பின்னால் போனது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவது துணியைத் தாண்டி என் உள்ளங்கைக்கு ஓடப் பார்த்தது. டாக்டர் ஸ்நேகா ஓடி வந்தார். அட்டை கடிக்காவிட்டால் உள்ளே ரத்தம் வருவது நின்றிருக்கலாம், நின்றிருந்தால் விரல் போச்சு என்று லிஸி எனக்குக் காதோடு சொன்னாள். டாக்டர் ஊசியால் குத்தினார். மெதுவாக ஒரு கறுப்புச் சொட்டு வந்தது. ரத்தம் இருக்கிறது. பிறகு ஏன் கடிக்கவில்லை?

லிஸி குனிந்து என் கையை முகர்ந்தாள்.

“என்ன மணம் இது? தைலமோ?”

தங்கராஜ் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார். கையைப் பின்னால் கொண்டுபோனார்.

“தோள் வலிக்கி வலிக்கின்னு ராத்திரி அழுதாளேன்னு, கொஞ்சம் தேய்ச்சேன்” என்றார். “பொறவு அந்தத் துணி வெலகி இருந்துச்சு. நாந்தான் சரி பண்ணுனேன். அதே கைல.”

டாக்டர் இந்தியில் பொரிந்துவிட்டார். யாரைக் கேட்டுத் தொட்டாய், இந்த விரலுக்காக எத்தனை பேர் தூங்காமல் இருக்கிறோம், வாசனை பட்டால் அட்டை கடிக்காது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று. வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லிஸி என் கையைப் பாட்டில் தண்ணீரால் நாலைந்து முறை கழுவி, துணியெல்லாம் புதுசாக வைத்து, நுனியில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் தடவி மறுபடி அட்டையை விட்டாள். கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு கடித்தது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது தங்கராஜ் அங்கே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி விரல் தோலெல்லாம் சுருங்கியிருந்தது. தைல டப்பாவைக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

“ஏங்க, எனக்காகத்தான பண்ணுனிய” என்றேன்.

“இனிமே ஒன்னயத் தொடவே பயமா இருக்குட்டி” என்றார்.

அதற்கு அப்புறம் டாக்டர் அவரிடம் வந்து, அதிகமாகப் பேசிவிட்டேன் என்று சொன்னார். தங்கராஜ் கும்பிட்டார்.

நான்காம் நாள் நான் எழுந்து பாத்ரூம் போகப் பார்த்து, கண் இருட்டி, கட்டில் பக்கத்திலேயே விழுந்தேன். டெஸ்ட் பண்ணினால் ரத்தம் பாதிக்குப் பக்கமாகக் குறைந்திருந்தது. கசிந்தது எல்லாம் என் ரத்தம்தானே. வெளியிலிருந்து ரத்தம் ஏற்ற வேண்டும், நம் ஆட்கள் பதிலுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. தேவ்நாரில் நாத்தனார் வீட்டில் இருந்த மகள் பெனிட்டா காலேஜ் முடிந்து வந்து என் தலையை வாரிவிட்டாள். நான்கு நாள் சிக்கு. ஒரு கையால் அவிழ்க்க முடியாமல் நான் அப்படியே விட்டிருந்தேன். அவளுக்கு அட்டையைப் பார்த்தாலே வாந்தி வரும். கண்ணை மூடிக்கொண்டே என் பக்கம் வந்து, என் தலையை மட்டும் பார்த்து, பொறுமையாக வாரிப் பின்னிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அழுதேன். டாக்டர் ரவுண்டுக்கு வந்தபோது சொன்னேன்.

“டாக்டர், வெரல எடுத்துருங்க. நான் வீட்டுக்குப் போறேன்.”

கட்டைவிரல் இல்லாவிட்டால் அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது, தம்ளரைக்கூடத் தூக்க முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இன்னொரு கை இருக்கிறதே என்று நினைத்தேன். தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் தங்கராஜைப் பார்த்தார்.

“அவ கை. அவ சொன்னாச் சரி” என்றார் அவர்.

“இன்னும் இரண்டு நாள் போனால் புதுக் குழாய்கள் வரலாம்” என்றார் டாக்டர்.

“நிச்சயமா வருமா?”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரும் முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை என்று லிஸி சொல்லியிருந்தாள்.

“இல்லை” என்றார். “நிச்சயமில்லை. வராமலும் போகலாம்.”

நிச்சயம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். விரலை எடுக்கச் சொல்லி அன்றே எழுதிக் கொடுத்திருப்பேன். அந்த ‘இல்லை’யைக் கேட்டதும் ஏனோ இவர் பேச்சில் இரண்டு நாள் இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

மத்தியானம் பட்டறையிலிருந்து ஷபானாவும் அவள் தம்பியும் இன்னும் நாலு பேரும் ரத்தம் கொடுக்க வந்தார்கள். ஷபானாவுக்கு எடை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் கோபத்தோடு வார்டுக்கு வந்து, மற்றவர்களுக்கு ரத்த வங்கியில் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டுகளை என் கட்டிலில் கொட்டினாள்.

“என் ரத்தம் ஆகாதாம். இதையாவது தின்னு” என்றாள் இந்தியில். தின்றேன். வாய்க்கு ருசி தெரிந்த முதல் சாப்பாடு அதுதான்.

இரண்டு யூனிட் ஏறியது. அட்டைகளும் தொடர்ந்தன. தங்கராஜ் மறுபடி பாண்டுப் போய் இன்னொரு ஜாடி வாங்கி வந்தார். ஐந்தாம் நாள் ஒரு அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவில் நிறம் கறுக்க அதிக நேரம் எடுத்தது. ஆறாம் நாள் சாயங்காலம் டாக்டர் நுனியை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வெளுத்த இடம் மெதுவாகப் பிங்க் ஆனது. அடுத்த அட்டை வேண்டாம், பார்க்கலாம் என்றார். ஒரு மணி நேரம் பார்த்தோம். இரண்டு மணி. நிறம் மாறவில்லை. யாரும் கை தட்டவில்லை, ஒன்றுமில்லை. லிஸி ஜாடியில் மிச்சமிருந்த அட்டைகளுக்குத் தண்ணீர் மாற்றி ஓரமாக வைத்தாள். தங்கராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். நானும் தூங்கிவிட்டேன்.

விரல் இருக்கிறது. கொஞ்சம் குட்டையாகிவிட்டது. முழுசாக மடங்காது. நுனியில் உணர்ச்சி பாதிதான். மழைக்காலத்திலும் ஜனவரியிலும் சில்லென்று ஆகி வலிக்கும். ஆனால் தம்ளர் பிடிக்கிறேன், ஜாக்கெட் கொக்கி போடுகிறேன். பட்டறையில் இப்போது ஒட்டும் மேஜையில் ஷபானா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து டாக்டர் ஸ்நேகா போன் பண்ணினார். பாண்டுப்பில் தச்சுவேலை செய்யும் மாரியப்பன் என்று ஒருவர், நம் தமிழ் ஆள், ரம்பத்தில் சுட்டுவிரல் போய் ஒட்டியிருக்கிறோம், நீலமாகிவிட்டது, அட்டை வைக்கக் கூடாது என்கிறார், நீங்கள் ஒருமுறை வந்து பேச முடியுமா என்று. போனேன். முப்பத்தெட்டு வயது இருக்கும். அவருடைய மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அட்டைய மேல விடுறதுக்கு நான் என்ன பொணமாக்கா?” என்றார் மாரியப்பன்.

என் இடது கையை நீட்டி, அடிபடாத அவருடைய வலது கையைப் பிடித்தேன். பிடி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்படி அழுத்தினேன்.

“வலிக்குமா?”

“கடிக்கது தெரியாது தம்பி. அசதிதான் ஆளக் கொல்லும்.”

கடைசியில் சம்மதித்தார். நான்காம் நாள் அவருடைய விரல் முழுக்கக் கறுத்துவிட்டது. ரம்ப வெட்டு, குழாய்கள் நைந்திருந்தன, அட்டையால் முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். டாக்டர்தான் போனில் சொன்னார்.

எனக்கு மாரியப்பன் முகத்தில் முழிக்கப் பயம். நான் பேசினதால்தானே நாலு நாள் அந்த மனுஷன் ரத்தம் விட்டார்? இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். தங்கராஜ்தான், “போயிட்டு வாட்டி, இல்லன்னா ஒனக்கு ஒறக்கம் வராது” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பாண்டுப் போனேன். அவர் மனைவி உள்ளே கூப்பிட்டு டீ போட்டாள். மாரியப்பன் கையை மடியில் வைத்திருந்தார்.

“போச்சுக்கா” என்றார்.

“மன்னிச்சிருங்க தம்பி. நான் சொல்லாம இருந்திருக்கலாம்.”

“நீங்க சொன்னது சரிதான். ஆனா ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. அன்னைக்கி நீங்க பொழச்ச வெரல மட்டும்தான் காட்டுனிய. போன வெரல யாரும் எனக்குக் காட்டல. காட்டியிருந்தாலும் நான் வச்சிருப்பேன். தெரிஞ்சு வச்சிருப்பேன், அவ்வளவுதான்.”

அவர் சொன்னது நியாயம். டாக்டர் எனக்கு ‘நிச்சயமில்லை’ என்று சொன்னார். நான் அவருக்கு அதைச் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தோம். கிளம்பும்போது கேட்டேன், அடுத்து யாருக்காவது டாக்டர் கூப்பிட்டால் நீங்களும் வருவீர்களா என்று. அவர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். “கூப்பிடுங்க” என்றார்.

இதுவரை மூன்று பேருக்கு நாங்கள் இரண்டு பேருமாகப் போயிருக்கிறோம். அவர் பாண்டுப்பிலிருந்து வருவார், நான் தாராவியிலிருந்து. வார்டு வாசலில் சந்தித்துக்கொண்டு உள்ளே போவோம். முதலில் நான் கையைக் காட்டுவேன். பிறகு அவர் தன் கையைக் காட்டுவார். அதற்கப்புறம் அவர்களே முடிவு பண்ணட்டும் என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.